88 பேரில் ஒரே பெண்: ஆன் ஹாப்கின்ஸ் பதவி உயர்வு வழக்கு – ஒரு நிகழ்வு ஆய்வு

1982-இல் அமெரிக்காவின் பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனங்களில் ஒன்றான பிரைஸ் வாட்டர்ஹவுஸில் பார்ட்னர் (நிறுவனத்தில் பங்குள்ள உரிமையாளர்) பதவிக்கு 88 பேரின் பெயர்கள் முன்மொழியப்பட்டன. அதில் 87 பேர் ஆண்கள். மிச்சமிருந்த ஒருவர் வாஷிங்டன் அலுவலகத்தில் சீனியர் மேனேஜராக இருந்த ஆன் ஹாப்கின்ஸ். அப்போது அந்த நிறுவனத்தில் 662 பார்ட்னர்கள் இருந்தார்கள். அவர்களில் பெண்கள் 7 பேர்.

முடிவு வந்தபோது 47 பேர் பார்ட்னர் ஆனார்கள், 21 பேர் நிராகரிக்கப்பட்டார்கள், 20 பேர் ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்று நிறுத்தி வைக்கப்பட்டார்கள். ஹாப்கின்ஸ் அந்த இருபதில் ஒருவர்.

நிர்வாகத்தில் பெண்கள் ஏன் மேலே போவதில்லை என்று பேச்சு வந்தால் பேறுகால விடுப்பு, வீட்டுப் பொறுப்பு, வெளியூர்ப் பயணம், நேரமின்மை என்று வழக்கமான காரணங்கள் வரிசையாக வரும். அவை எல்லாம் உண்மையான தடைகள்தான். இந்த வழக்கில் அவற்றில் எதையும் சொல்ல முடியாது என்பதால்தான் இது படிக்க வேண்டிய வழக்காகிறது. முந்தைய நிதியாண்டில் அந்த 88 பேரில் வாடிக்கையாளர் கணக்கில் அதிக மணிநேரம் வேலை காட்டியவர் ஹாப்கின்ஸ். பெரிய ஒப்பந்தங்களைப் பிடித்துத் தந்ததில் அவருக்கு இணையாக மற்ற 87 பேரில் யாரும் இல்லை என்று நீதிமன்றமே பதிவு செய்தது. அமெரிக்க வெளியுறவுத் துறையிடமிருந்து 2.5 கோடி டாலர் ஒப்பந்தம் ஒன்றை இரண்டு ஆண்டு உழைப்பில் கொண்டுவந்தார். அந்த வேலையை அவர் ஏறக்குறைய ஒரு பார்ட்னரின் நிலையிலேயே நடத்தினார் என்றார் விசாரணை நீதிபதி. வெளியுறவுத் துறை அதிகாரிகள் நீதிமன்றத்தில் அவரைப் பாராட்டிச் சாட்சி சொன்னார்கள்.

வேலையில் குறை இல்லை, வருமானத்தில் குறை இல்லை, வாடிக்கையாளருக்குக் குறை இல்லை. பிறகு எது தடுத்தது? மதிப்பீட்டுத் தாள்கள். அவை சாட்சியமாக நீதிமன்றத்துக்கு வந்துவிட்டதால், மூடிய அறைக்குள் ஒரு பெண்ணைப் பற்றி என்ன எழுதப்பட்டது, அது எப்படிக் கூட்டிக் கழிக்கப்பட்டது என்பதை நாம் வரி வரியாகப் பார்க்க முடிகிறது. தனியார் நிறுவனங்களின் பதவி உயர்வுக் கோப்பு ஒன்று இவ்வளவு முழுமையாக வெளிச்சத்துக்கு வருவது அபூர்வம்.

தேர்வு எப்படி நடந்தது

ஒவ்வோர் ஆண்டும் உள்ளூர் அலுவலகப் பார்ட்னர்கள் தங்கள் ஆட்களை முன்மொழிவார்கள். பெயர்ப் பட்டியல் நாடு முழுவதும் உள்ள எல்லாப் பார்ட்னர்களுக்கும் போகும். வேட்பாளரோடு நெருக்கமாக வேலை செய்தவர் நீண்ட படிவத்தில் கருத்து எழுதுவார். கொஞ்சம் பழக்கம் உள்ளவருக்குக் குறும்படிவம். சேர்க்கைக் குழு இவற்றைத் தொகுத்து, தேவைப்பட்டால் அலுவலகத்துக்கு நேரில் போய் விசாரித்து, கொள்கை வாரியத்துக்குப் பரிந்துரைக்கும். முழு வாக்கெடுப்புக்கு அனுப்புவதா, நிறுத்தி வைப்பதா, நிராகரிப்பதா என்பதை அந்த வாரியம் முடிவு செய்யும். இத்தனை ‘ஆம்’ வந்தால் தேர்வு என்ற கணக்கு ஏதும் கிடையாது. எதிர்மறைக் கருத்துகளுக்கு, அதிலும் ‘வேண்டாம்’ என்ற வாக்குக்கு, கூடுதல் எடை தரும் வழக்கம் இருந்தது.

ஹாப்கின்ஸ் பற்றி 32 பார்ட்னர்கள் எழுதினார்கள். 13 பேர் ஆதரவு. 3 பேர் நிறுத்தி வைக்கலாம் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். மீதி 8 பேர் ‘எனக்குப் போதிய விவரம் தெரியாது’ என்று ஒதுங்கிக்கொண்டார்கள். இந்தக் கடைசி எட்டுப் பேர்தான் அந்தக் கோப்பில் மிகச் சரியாக நடந்துகொண்டவர்கள் என்பது நம் கருத்து. காரணம் பின்னால் வரும்.

தாளில் இருந்தது

அவர் ஊழியர்களிடம் கடுமையாக நடக்கிறார், பொறுமை இல்லை, சேர்ந்து வேலை செய்வது கடினம் என்ற குறைகள் இருந்தன. இவை இட்டுக்கட்டியவை அல்ல. ஆதரவாளர்களும் இதை எழுதியிருந்தார்கள், நீதிபதியும் ஏற்றார். ஹாப்கின்ஸைக் குறையே இல்லாதவராகக் காட்டி இந்த வழக்கைச் சொல்வது அதன் பயனைக் கெடுத்துவிடும். குறை இருந்தது. அந்தக் குறையை எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்பதே வழக்கு.

ஒரு பார்ட்னர் அவரை ஆண்தனம் மிக்கவர் என்று எழுதினார். பெண் என்பதை ஈடுகட்டத்தான் இப்படி அளவுக்கு மீறி நடக்கிறார் என்றார் இன்னொருவர். நளினம் கற்றுத்தரும் பள்ளிக்கு அனுப்பச் சொன்னார் மூன்றாமவர். அவர் கெட்ட வார்த்தை பேசுகிறார் என்று சிலர் குறைப்பட்டபோது, பேசுவது ஒரு பெண் என்பதால்தான் உங்களுக்கு உறுத்துகிறது என்று ஒருவர் எதிர்க்கருத்து எழுதினார். கோப்புக்குள்ளேயே ஒருவர் விஷயத்தைக் கண்டுகொண்டு சொல்லியிருக்கிறார். அதைப் படித்தவர்கள் நின்று யோசிக்கவில்லை.

எதிர்ப்பாளர்கள் எழுதியதில் மட்டும்தான் கோணல் இருந்தது என்று நினைக்க வேண்டாம். ஓர் ஆதரவாளர் எழுதிய பாராட்டு இது: முன்பு முரட்டுப் பேச்சும் கொஞ்சம் ஆண்தனமும் கொண்ட மேனேஜராக இருந்தவர், இப்போது அதிகாரமும் மிடுக்கும் உள்ள, ஆனால் முன்னைவிடக் கவர்ச்சியான பெண் வேட்பாளராக முதிர்ந்திருக்கிறார். ‘ஆம்’ என்று வாக்களித்தவரும் அதே தராசில்தான் நிறுத்தார்.

நிறுத்தி வைத்த செய்தியை ஹாப்கின்ஸிடம் விளக்கும் பொறுப்பு தாமஸ் பேயரிடம் வந்தது. அவர் அந்த அலுவலகத்தின் தலைமைப் பார்ட்னர், ஹாப்கின்ஸை முன்னேற்ற விரும்பியவர். வாய்ப்பைக் கூட்டிக்கொள்ள அவர் சொன்ன யோசனை வழக்கின் மையச் சான்றாகிவிட்டது: இன்னும் பெண்மையாக நட, பெண்மையாகப் பேசு, பெண்மையாக உடுத்து, ஒப்பனை செய்துகொள், முடியைத் திருத்திக்கொள், நகை போடு. நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட யோசனை அது. வாரியம் எதைக் குறையாகக் கண்டது என்பதை அதைவிடத் தெளிவாக எந்த ஆவணமும் காட்டவில்லை.

அடுத்த சுற்று வருவதற்கு முன்பே சொந்த அலுவலகத்தில் இரண்டு பார்ட்னர்கள் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். மறுபடி முன்மொழியப் போவதில்லை என்று ஹாப்கின்ஸிடம் சொல்லப்பட்டது. அவர் வேலையை விட்டு விலகி, வழக்குத் தொடுத்தார்.

நீதிமன்றங்களில்

வழக்கு 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தில் வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் ஏழாம் தலைப்பின் கீழ் வந்தது. பார்ட்னராக்குவது முதலாளிகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடு, அதில் வேலைவாய்ப்புச் சட்டத்துக்கு இடமில்லை என்ற வாதத்தை, ஒரு வழக்கறிஞர் நிறுவனம் சம்பந்தப்பட்ட ஹிஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984-இல் தள்ளிவிட்டிருந்தது. அந்தக் கதவு திறந்திராவிட்டால் ஹாப்கின்ஸ் உள்ளேயே வந்திருக்க முடியாது.

மாவட்ட நீதிபதி கெர்ஹார்ட் கெஸல் முன் உளவியலாளர் சூசன் ஃபிஸ்க் நிபுணர் சாட்சியாக வந்தார். ஒரே மாதிரி ஆட்கள் நிறைந்த கூட்டத்தில் ஒருவர் மட்டும் வேறாக இருந்தால் அவருடைய தனிக்குணங்களைவிட அந்த வேறுபாடே கண்ணில் படும். அளவுகோல் தெளிவில்லாமல் இருந்தால் அந்த இடைவெளியை முன்முடிவு நிரப்பும். ஆளைப் பற்றிய தகவல் குறையக் குறைய முன்முடிவின் பங்கு கூடும் என்பது அவர் சாட்சியத்தின் சாரம். ஹாப்கின்ஸோடு அதிகம் பழகாத சிலரின் தாளில் மிகக் கடுமையான விமர்சனம் இருந்ததை அவர் சுட்டிக்காட்டினார். உடை, நகை பற்றிய வெளிப்படையான வரிகளைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. நடுநிலையாகத் தோன்றும் வரியிலும் முன்முடிவு இருக்கலாம் என்று காட்டியதுதான் ஃபிஸ்க் செய்த வேலை.

1985-இல் கெஸல் சொன்ன தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டியது. ஊழியர்களிடம் நடந்துகொள்ளும் விதத்தைக் கணக்கில் எடுப்பது நியாயமே, ஆண்களையும் நிறுவனம் இதே காரணத்துக்காக நிராகரித்திருக்கிறது என்று ஏற்றார். ஆனால் சில கருத்துகள் பெண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற அச்சிலிருந்து வந்தவை. அவை முறையான மதிப்பீட்டின் பகுதியாகவே சேர்க்கப்பட்டன. அவற்றை வடிகட்ட நிறுவனம் எதுவும் செய்யவில்லை என்று கண்டார். முந்தைய ஆண்டுகளில் ஒரு பார்ட்னர், எந்தப் பெண்ணையும் தன்னால் வேட்பாளராக நினைத்துப் பார்க்க முடியாது, பெண்கள் சீனியர் மேனேஜராக இருக்கவே தகுதியற்றவர்கள் என்று எழுதியிருந்தார். அவரை யாரும் கண்டிக்கவில்லை. அது மட்டுமா, அவருடைய வாக்கு மொத்தக் கணக்கில் ஒரு வாக்காகச் சேர்க்கப்பட்டது.

அந்தத் தீர்ப்பில் ஹாப்கின்ஸுக்குப் பதவி கிடைக்கவில்லை. தானாக விலகியவர் என்று கெஸல் கருதினார். 1987-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, விலகும் நிலைக்குத் தள்ளப்பட்டவர் என்றது.

1989 மே 1 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்று தீர்ப்பளித்தது. நான்கு நீதிபதிகளுக்காக வில்லியம் பிரென்னன் எழுதினார். பைரன் ஒயிட்டும் சாண்ட்ரா டே ஓ’கானரும் முடிவில் உடன்பட்டுத் தனித்தனியாக எழுதினார்கள். முரட்டுத்தனம் இல்லாமல் அந்த வேலையில் ஒப்பந்தம் பிடிக்க முடியாது, முரட்டுத்தனம் இருந்தால் பெண்ணுக்குப் பதவி இல்லை என்றால் அவள் இருதலைக்கொள்ளி எறும்புதான். சட்டம் அந்த நிலையை நீக்கவே வந்தது என்பது பிரென்னன் எழுதியதன் உட்பொருள். மென்னிறக் கோட்டும் புதிய உதட்டுச் சாயமும் சரிசெய்துவிடக்கூடிய குறை என்றால், அங்கே விமர்சிக்கப்பட்டது பழகும் திறன் அல்ல, பாலினம் என்றும் எழுதினார்.

சட்ட நுணுக்கம் ஒன்று இங்கே முக்கியம். நல்ல காரணமும் கெட்ட காரணமும் கலந்த முடிவில் நிரூபிக்கும் சுமை யாருடையது? பாலினம் முடிவில் பங்கு வகித்தது என்று ஊழியர் காட்டிவிட்டால், அது இல்லாவிட்டாலும் இதே முடிவைத்தான் எடுத்திருப்போம் என்று நிறுவனம் காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். கீழ் நீதிமன்றங்கள் இதற்குக் கேட்ட மிகத் தெளிவான சான்று தேவையில்லை, சான்றின் எடை தன் பக்கம் சாய்ந்தால் போதும் என்றும் தளர்த்தியது. அந்தத் தளர்ந்த சுமையைக்கூட நிறுவனத்தால் சுமக்க முடியவில்லை. வழக்குத் திரும்பி வந்தபோது, 1990 மே மாதம் கெஸல் அவரைப் பார்ட்னராக்க உத்தரவிட்டார். சுமார் 3,71,000 டாலர் நிலுவை ஊதியமும் தரச் சொன்னார். 1991-இல் ஹாப்கின்ஸ் அதே நிறுவனத்துக்குப் பார்ட்னராகத் திரும்பி, 2002-இல் ஓய்வு பெற்றார். 2018-இல் மறைந்தார்.

1991-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் இன்னும் ஓர் அடி போனது. பாலினம் ஒரு தூண்டுகாரணமாக இருந்தாலே சட்டமீறல். ‘எப்படியும் இதைத்தான் செய்திருப்போம்’ என்று நிரூபித்தால் இழப்பீடும் பதவியும் கிடைக்காமல் போகுமே தவிர, மீறல் மீறல்தான்.

கோணல் எங்கே நுழைந்தது

வேட்பாளர் பெண் என்பதால் தடுத்துவிட வேண்டும் என்று வாரியத்தில் யாரும் திட்டமிட்டதாக கெஸல் சொல்லவில்லை. எதிரி என்று ஓர் ஆளைக் காட்ட முடியாத வழக்கு இது. கோணல் நடைமுறையில் இருந்தது, அதுவும் மூன்று இடங்களில்.

முதலாவது, வாக்கின் எடை. இரண்டு ஆண்டு பக்கத்தில் இருந்து பார்த்தவரின் தாளும், எப்போதோ ஒரு கூட்டத்தில் சந்தித்தவரின் தாளும் ஒரே குவியலில் விழுந்தன. எதிர்மறைக்குக் கூடுதல் எடை என்ற வழக்கத்தை இதோடு சேர்த்தால், குறைவாகத் தெரிந்தவரின் அபிப்பிராயத்துக்கு அதிக பலம் கிடைத்துவிடுகிறது. இது எல்லா வேட்பாளருக்கும் பொதுவான விதிதான். ஆனால் 87 பேர் கூட்டத்தோடு கூட்டமாகத் தெரிந்தார்கள், ஒருவர் மட்டும் தனியாகத் தெரிந்தார். பொது விதி அவர் மேல் விழுந்த கனம் வேறு.

இரண்டாவது, ஒப்பீடு. பழகும் விதத்தில் கடுமையான குறை எழுதப்பட்ட இரண்டு ஆண்கள் முன்பு பார்ட்னர் ஆக்கப்பட்டிருந்தார்கள். அவர்களின் தனித்திறமையை இழந்துவிடக் கூடாது என்று வாரியம் அங்கே ஒரு வணிக அபாயத்தை ஏற்றது. அவர்களுக்கு ‘வேண்டாம்’ வாக்குகள் குறைவு என்பதால் இரண்டும் ஒன்றல்ல என்று கெஸல் கருதினார். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். நிர்வாகக் கண்ணோடு பார்த்தால் நமக்கு அது போதவில்லை: அந்த ‘வேண்டாம்’ வாக்குகளே கோணலான தராசிலிருந்து வந்திருக்கும்போது, அவற்றின் எண்ணிக்கையை வைத்து வேறுபாடு காட்ட முடியுமா? 2.5 கோடி டாலர் ஒப்பந்தம் கொண்டுவந்தவருக்காக அதே அபாயத்தை ஏன் ஏற்கவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

மூன்றாவது, கதவுக்கு வெளியே நடந்தது. ஹாப்கின்ஸ் முன்பு டச் ராஸ் என்ற இன்னொரு தணிக்கை நிறுவனத்தில் இருந்தார், கணவரும் அங்கேதான். கணவர் பார்ட்னராகும் நிலை வந்தபோது, தம்பதியர் பற்றிய நிறுவன விதியால் விலகியவர் மனைவி. விதியில் ஆண், பெண் என்ற சொல்லே கிடையாது. விலகுவது யார் என்பதை மட்டும் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இந்தியாவிலும் மதிப்பீட்டுத் தாள் இப்படி நீதிமன்றம் ஏறியிருக்கிறது. ராணுவப் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்குவது பற்றிய லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 25 அன்று தீர்ப்பளித்தது. இவர்களுக்கு நிரந்தரப் பணி கிடைக்கப் போவதில்லை என்று தெரிந்தே மேலதிகாரிகள் ஆண்டு ரகசிய அறிக்கைகளை ஏனோதானோவென்று நிரப்பியிருந்தார்கள். பிறகு அதே அறிக்கைகளை வைத்துத் தகுதி பார்க்கப்பட்டது. ஆண்கள் ஐந்தாவது அல்லது பத்தாவது பணியாண்டில் சந்தித்த உடல்தகுதி அளவுகோலைப் பெண்கள் நாற்பது வயதைத் தாண்டிச் சந்திக்க வேண்டியிருந்தது. மேலுக்குச் சமமான விதி, உள்ளே பாகுபாடு என்றது நீதிமன்றம். நம் சம ஊதியச் சட்டமும் 1987 திருத்தத்துக்குப் பிறகு பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடுத்தது. சட்டம் தடுக்கிறது என்பதற்காகத் தாளில் எழுதும் கை மாறிவிடாது. கோப்பைக் கையாளும் முறையை மாற்ற வேண்டும்.

கோப்பில் செய்ய வேண்டியது

அப்ரைசல் தாளில் ‘போதிய பழக்கம் இல்லை’ என்று ஒரு கட்டம் போடுங்கள். அதில் டிக் அடித்தவர் மதிப்பெண் தரக் கூடாது. ஹாப்கின்ஸ் கோப்பில் எட்டுப் பேர் தாமாகவே செய்ததை எல்லோருக்கும் விதியாக்குவதுதான் இது. பழக்கம் என்றால் என்ன என்பதையும் முன்பே எழுதிவிட வேண்டும்: கடந்த இரண்டு ஆண்டில் ஒரு முழு புராஜெக்டிலாவது சேர்ந்து வேலை செய்திருக்க வேண்டும் என்பதுபோல. மீட்டிங்கில் பார்த்தது கணக்கில் வராது.

குணம் பற்றிய ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஒரு சம்பவம் கேளுங்கள். ‘ரொம்ப அதட்டலா நடந்துக்கிறாங்க’ என்று எழுதினால் போதாது. ‘மார்ச் இறுதி அறிக்கைக்காக மூன்று பேரை இரண்டு வாரம் விடுப்பில்லாமல் வைத்திருந்தார், அதில் ஒருவர் இடமாற்றம் கேட்டார், அறிக்கை குறித்த நாளில் போனது’ என்று எழுதினால் அதை எடைபோட முடியும். அதே மார்ச்சில் அதே வேலையைச் செய்த ஓர் ஆண் மேனேஜரின் தாளில் ‘கறாரான ஆள், காரியத்தை முடிப்பார்’ என்று இருக்கிறதா என்றும் பார்க்க முடியும். சம்பவம் இல்லாத பெயரடை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கூட்டலில் சேரக் கூடாது. பாராட்டுக்கும் இதே விதி.

‘இதே ஆள் ஆணாக இருந்தால் இப்படிச் சொல்வீர்களா’ என்று மதிப்பீட்டாளரையே கேட்பது பல இடங்களில் வழக்கம். பெரிதாகப் பயன் தராது. எவரும் தன்னை நியாயமானவர் என்றே நம்புவார், ‘சொல்வேன்’ என்பார். அதைவிடப் பழைய கோப்புகளை எடுங்கள். கடந்த ஐந்து ஆண்டில் இதே குறை எழுதப்பட்டும் பதவி உயர்ந்தவர்கள் யார், அவர்களுக்காக எந்தக் காரணம் சொல்லி விட்டுக்கொடுத்தோம் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நினைவு ஏமாற்றும், கோப்பு ஏமாற்றாது.

வாக்கு இல்லாத ஒருவர் மொத்தத் தாள்களையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டும். உடை, குரல், சிரிப்பு, கல்யாணம், குழந்தை, ‘பெண்ணுக்கு இது ஒத்துவராது’ போன்ற வரிகளைக் குறிக்க வேண்டும். இங்கே பல ஹெச்.ஆர். பிரிவுகள் செய்யும் தவறு, அந்த வரியைச் சத்தமில்லாமல் அடித்துவிடுவது. வரி போய்விடும், அந்த வரி தந்த மதிப்பெண் அப்படியே நிற்கும். இனி அது ஏன் குறைந்தது என்று கண்டுபிடிக்கவும் வழியிருக்காது. தாளை எழுதியவரிடமே திருப்பி அனுப்பி, அந்தக் காரணத்தை விட்டுவிட்டு மதிப்பெண்ணை மறுபடி போடச் சொல்ல வேண்டும். திருப்பி அனுப்பியதும், மதிப்பெண் மாறியதா இல்லையா என்பதும் பதிவாக வேண்டும். ஒருவருடைய தாள் ஆண்டுதோறும் திரும்புகிறது என்றால் அவர் வாக்கைக் கணக்கில் வைக்கலாமா என்பதை வாரியம் பேசியாக வேண்டும்.

சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பு, பர்சனாலிட்டி டெவலப்மென்ட் பயிற்சி என்று பெண்ணை மட்டும் அனுப்பிவைப்பது பேயர் சொன்ன யோசனையின் இன்றைய வடிவம். இதே குறிப்பு பெற்ற ஆண்கள் எத்தனை பேரை அனுப்பினோம் என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

நிறுத்தி வைப்பது என்றால் கடிதமாகக் கொடுங்கள். எந்த அளவுகோலில் குறை, அதைக் காட்டிய சம்பவம் எது, என்ன செய்தால் தீர்ந்ததாகக் கொள்வோம், அதை யார் பார்ப்பார், எந்தத் தேதியில் மறுபடி எடுப்போம் என்பது அதில் இருக்க வேண்டும். அந்தத் தேதிக்கு முன்பு ஆதரவை விலக்கிக்கொள்கிறவர், கடிதம் கொடுத்த நாளுக்குப் பிறகு நடந்த ஒரு சம்பவத்தைக் காட்டி எழுத்தில் விலக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லாவிட்டால் பெயர் பட்டியலில் தொடரும், மறுபரிசீலனை குறித்த நாளில் நடக்கும்.